ஒரு நிமிடம் பிந்தி ஓடிய பச்சை வண்டி

கேபிள்காரன் ஜெயகணேஷ் எங்களை ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கார் பந்தயம் வர வேண்டிய சானலில் நீலத் திரையும் நாலு வரி எழுத்தும் நின்றன. டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். எழுத்து போகவில்லை. போன் போட்டால், இனிமேல் கேபிளில் பந்தயம் வராது, வேறு கம்பெனி வாங்கிவிட்டது, காசு கட்டி போனில் ஆப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்கிறான். வயரைப் பிடுங்கிவிட்டு எங்கேயோ இருக்கிற கம்பெனி மேல் பழியைப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவனை வரவழைத்துப் போஸ்டில் ஏறச் சொன்னேன். ஏறி, வயரை ஆட்டிக் காட்டினான். வயர் இருந்தது. அப்புறம்தான் பாதி நம்பினேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டில் எனக்குப் பஞ்சர் கடை. துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கடையில் ஒரு டிவி உண்டு. பதினோரு வருஷமாக நாலு பேர் அதில் பந்தயம் பார்க்கிறோம். மற்றவர்கள் வண்டி ஓடுவதைப் பார்ப்பார்கள். நான் டயர் மாற்றுவதை மட்டும் பார்ப்பேன். நாலு டயரை மூன்று வினாடிக்குள் கழற்றி மாட்டுகிறார்கள் என்று காட்டுகிறார்கள். பதினோரு வருஷமாக நம்பாமல் பார்த்து வருகிறேன்.

பக்கத்து டீக்கடை மாரிராஜுக்கு வண்டிகள் மோத வேண்டும். மோதாத பந்தயம் அவனுக்குப் பந்தயமே இல்லை. ஜெஸ்டின் வயதில் சின்னவன், கப்பல் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குச் சொல்வான். நாலாவது ஆள் ஆறுமுகநயினார். முப்பது வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். இந்தக் கதை அவருடைய தலைமுடியைப் பற்றியது.

நயினாருக்குப் பதினேழாம் நம்பர் பச்சை வண்டி என்றால் உயிர். அதை ஓட்டுகிறவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பயல்கள். அதனால் அவனை நாங்கள் கிழவன் என்போம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயத்தில் கிழவன் முதலில் வந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. டயர் வெடித்து நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டிப் போனார்கள். நயினார் எழுந்து, கடையில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா, இவன் ஒரு தடவ மொதல்ல வந்து ஜெயிக்கிறத நான் என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் தலையில கத்தி வைக்க மாட்டேன். பாத்த மறுநாள் திருச்செந்தூர்ல வந்து மொட்டை போடுதேன்."

மூன்று பேர் சாட்சி. 'என் கண்ணால' என்று அவரை யாரும் சொல்லச் சொல்லவில்லை. கிழவன் ஜெயித்தால் மொட்டை என்று மட்டும் வேண்டியிருந்தால் பின்னால் வந்த பாடு ஒன்றும் வந்திருக்காது. வேண்டும்போது அளந்து வேண்ட வேண்டும். நம் ஆட்களுக்கு அது தெரிவதில்லை.

அதற்குப் பிறகு கிழவன் ஜெயிக்கவே இல்லை. நயினாருக்கு முடி இடுப்புக்கு வந்தது. தாடி நெஞ்சுக்கு வந்தது. துறைமுகத்தில் வண்டி ஓட்டியதற்கு மீதிப் பணம் வாங்கப் போனால், பாஸில் இருக்கிற போட்டோ நீர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பெண்கள் காலில் விழுந்தார்கள். ஆறுமுகநேரியிலிருந்து ஒருவன் வந்து, காணாமல் போன ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டான். நயினார் கோபத்தில் கையை வீசி, போடா என்றார். கை போன திசையில் போய்த் தேடியிருக்கிறான். ஆடு கிடைத்துவிட்டது. அதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இந்த நிலையில்தான் அவர் மகள் அனுசியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாரும் ஆறுமுகநேரிதான். நாங்கள் சம்பந்தம் கேட்டு வந்தோம், மடத்துக்கு வரவில்லை என்று சம்பந்தி முகத்துக்கு நேரே சொன்னார். மணையில் பெண்ணின் அப்பா முகம் தெரிய உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. நயினார் சம்சாரம் பகவதி என் கடைக்கு வந்து, புருஷன் அங்கே இருக்கும்போதே அவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"அண்ணாச்சி, கல்யாணத்தன்னைக்கு இந்தத் தலையோட வந்தாருன்னா எங்க அண்ணன்தான் மணையில உக்காந்து தாரை வாப்பான். நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிருங்க."

நயினார் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள். அவள் கையைத் தன் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் முருகனிடம் சொன்ன சொல்லை மீறினால் அந்தப் பிள்ளைக்கே ஏதாவது ஆகிவிடும் என்று பயம். கல்யாணம் வியாழக்கிழமை. அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு இருந்தது. இரண்டிலும் பந்தயம் இருந்தது.

முதல் ஞாயிறன்றுதான் நீலத் திரை. ஜெஸ்டின் வேறு வயிற்றுவலி என்று அன்றைக்கு வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு மணி நேரம் அந்த நாலு வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலையில் மாரிராஜ் டீக்கடையிலிருந்து பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். பச்சைச் சட்டைக்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நாலு வருஷம் கழித்துக் கிழவன் ஜெயித்துவிட்டான். எங்களுக்குப் படம் வராத முதல் ஞாயிறாகப் பார்த்து ஜெயித்திருக்கிறான்.

நயினார் அந்தப் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தைப் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதுதானே என்று மாரிராஜ் கேட்டான். ஜெயித்தவன் நிற்பதைப் பார்க்கிறேன் என்று வேண்டவில்லை, ஜெயிப்பதைப் பார்க்கிறேன் என்றுதான் வேண்டினேன் என்றார் நயினார். பேப்பரில் போட்டது உண்மை என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஜெஸ்டின் மத்தியானம் வந்தான். ஓடின பந்தயம் முழுசும் அந்த ஆப்பில் அப்படியே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்றான். நயினார் தலையை ஆட்டிவிட்டார்.

"கல்யாண வீடியோவப் பாத்துட்டு, நான் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன்னு எவனாவது சொல்லுவானா வே? நடக்கும்போது பாக்கணும். அதுதான் பாக்கது."

 மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதை, நடப்பது நடக்கும்போதே வரும் என்று ஜெஸ்டின் சொன்ன ஆப்பில்தான் பார்த்தாக வேண்டும். அங்கே அடுத்த சிக்கல் வந்தது. அது போன் நம்பர் கேட்கும், பேங்கு விவரம் கேட்கும், மெசேஜில் வருகிற எண்ணைக் கேட்கும் என்றான் ஜெஸ்டின். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று பேங்குக்காரனே தினமும் மெசேஜ் அனுப்புகிறான். அதை எவனோ கார் ஓட்டுகிற கம்பெனிக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? முடியாது என்றேன். மாரிராஜும் முடியாது என்றான். நயினாரிடம் இருப்பது பட்டன் போன். அவரைக் கேட்பதில் அர்த்தமில்லை.

ஜெஸ்டின் கொஞ்ச நேரம் காலால் ஒரு நட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. நான் போன மாசமே போட்டுட்டேன்."

அவனுடைய வயிற்றுவலி என்னவென்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பயல் வீட்டில் படுத்துக்கொண்டு, நயினார் நாலு வருஷமாகக் காத்திருந்ததைத் தனியாகப் பார்த்திருக்கிறான். மாரிராஜ் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நயினார்தான் விடுங்க என்றார். ஜெஸ்டினின் கண்ணை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பார்த்த கண் எப்படி இருக்கிறது என்று பார்த்தாரோ என்னவோ.

அடுத்த ஞாயிறு ஜெஸ்டின் போனை வயர் வழியாக டிவியில் மாட்டினான். படம் கேபிளில் வந்ததைவிடத் தெளிவாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நயினார் குளித்து, திருநீறு பூசி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார். டிரெய்லரைக் கிளப்பும்போது டயருக்கடியில் வைத்து நசுக்கிய பழக்கம். இங்கே எதன் அடியில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பந்தயம் நன்றாகத்தான் போனது. கிழவன் எட்டாவதாகக் கிளம்பி, ஒவ்வொருவனாகத் தாண்டி மூன்றாவதுக்கு வந்துவிட்டான். அந்த நேரத்தில் ஜெஸ்டினுக்கு ஆபீசில் கொடுத்திருந்த இன்னொரு போன் அவன் சட்டைப் பையில் நடுங்கியது. கப்பல் ஏதாவது வந்திருக்கும் என்று எடுத்துப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. என்னலே என்று பக்கத்தில் போனேன். காதோடு சொன்னான். பந்தயச் செய்தி வந்திருக்கிறது, பதினேழாம் நம்பர் அவுட், வண்டி சுவரில் போய் மோதிவிட்டது.

டிவியைப் பார்த்தேன். பதினேழாம் நம்பர் மூன்றாவதாக ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

செத்துப்போனான் என்று சொந்தக்காரர்களுக்குத் தந்தி வந்துவிட்டது, ஆள் இங்கே வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான், அந்த மாதிரி இருந்தது. நயினார் டயரின் விளிம்புக்கு நகர்ந்து, கிழவன் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது தானும் சாய்ந்து சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஜெஸ்டினுக்கும் மட்டும் தெரியும். சொல்லவும் முடியவில்லை. இரண்டாவது வண்டியையும் பிடித்துவிடுவான் போலிருக்கு என்று நயினார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம் வே என்றேன்.

அப்புறம் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மோதலுக்கென்றே பார்க்கிற மாரிராஜ்கூட அன்றைக்குக் கையால் கண்ணை மூடிக்கொண்டான். கிழவன் ஒன்றும் ஆகாமல் இறங்கி நடந்துபோனான்.

நயினார் எலுமிச்சம்பழத்தை என் மேஜை மேல் வைத்தார். "மணையில பகவதி அண்ணனையே உக்காரச் சொல்லிருங்க. நான் பந்தி பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தத் தாடிக்குள்ளே அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் ஜெஸ்டின் மேல்தான். நடப்பது நடக்கும்போதே வருகிறது என்று சொன்னாயே, உன் சட்டைப் பைக்கு மட்டும் எப்படி முன்னாலேயே தெரிந்தது என்று பிடித்துக்கொண்டேன். அவன் விளக்கினான். படம் அங்கிருந்து மேலே போய், கீழே வந்து, இன்டர்நெட்டில் சுற்றி, நம் போனுக்கு வர ஒரு நிமிஷம் பிந்தும். செய்தி சின்னது, அதனால் முந்திவிடும். கேபிளில் வந்தபோதும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, அப்போது முந்திச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பதினோரு வருஷமாக ஊசிப்போனதைச் சூடாக இருக்கிறது என்று சொல்லிப் பரிமாறியிருக்கிறார்கள். சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்த எனக்கே இது தோன்றவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்துவதற்குள் வேறு ஒன்று மண்டையில் தட்டியது. வாசலுக்குப் போய்விட்ட நயினாரைக் கூப்பிட்டேன்.

"வே, கெழவன் மோதுனத பாத்தீரே, அது எப்ப நடந்துச்சு?"

"இப்பதான். நீரும்தான பாத்தீரு."

"இல்ல வே. ஒரு நிமிஷத்துக்கு முன்னால. ஜெஸ்டின் போனுக்கு மொதல்லயே வந்துட்டு. நீரு சாஞ்சு சாஞ்சு ஓட்டுனீரே, அப்ப வண்டி செவுத்துல கெடக்கு. நீரு இத்தன வருஷமும் பாத்தது எல்லாமே நடந்து முடிஞ்சதுதான்."

நயினார் ஜெஸ்டினைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"ஒரு நிமிஷம் பழசுன்னா முருகன் ஏத்துக்கிடுவாரு. ஏழு நாள் பழசுன்னா மாட்டாராக்கும்? எத்தன நிமிஷம்னு அன்னைக்கு அளவு சொல்லியா வேண்டுனீரு?"

 ரோட்டில் நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாரிராஜ்தான் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுக்கப் பார்த்தான். காலையில் பிடித்த மீன் சாயங்காலம் வந்தாலும் மீன்தான், ஆனால் ஏழு நாள் ஆன மீனை மீன் என்று சொல்ல முடியுமா என்றான். ஐஸில் வைத்திருந்தால் என்று கேட்டேன். "அது ஐஸ்லதான் இருக்கு அண்ணாச்சி" என்றான் ஜெஸ்டின். அவன் கடற்கரை ஊர்க்காரன் என்பதால் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

நயினார் பாதிக்குத்தான் இறங்கி வந்தார். முருகனிடம் பூ கட்டிப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க, மாடு வாங்க, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க எல்லாவற்றுக்கும் இதுதான்.

பூ நான் கொண்டுவருகிறேன் என்று கடைக்குப் பின்னால் போனேன். நந்தியாவட்டையும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது. செவ்வரளிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பாதிக்குப் பாதி என்பது என்ன கணக்கு? டயர் வெடிப்பதும் வெடிக்காததும் பாதிக்குப் பாதிதான். அந்தப் பாதி இரண்டு தடவை எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைக் கட்டினேன்.

காலண்டருக்கு முன்னால் போட்டதும் மாரிராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். வெள்ளை. நயினார் தரையில் விழுந்து கும்பிட்டார். மாரிராஜ் மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கப் போனான். மற்றதைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி என்று அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அந்தச் சட்டத்தை அந்த இடத்தில்தான் உண்டாக்கினேன். பொட்டலம் மாரிராஜின் டீ அடுப்பில் எரிந்துபோனது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய பந்தயத்தைப் போட்டோம். கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டு ஜெஸ்டின் வந்தான். கடைசிச் சுற்றை மட்டும் பார்ப்போம் என்றதற்கு நயினார் ஒத்துக்கொள்ளவில்லை. முதலிலிருந்து பார்க்க வேண்டும், முடிவு தெரிந்த மாதிரி யாரும் பேசக் கூடாது. உப்பு ஏற்றிக்கொண்டு வந்த நாமக்கல் லாரிக்காரன் ஒருவன் பஞ்சருக்காக வந்து நின்றான். பந்தயம் முடியட்டும், உட்காரு என்றேன். அவனும் உட்கார்ந்து பார்த்தான். யார் ஜெயிப்பார் என்று கேட்டான். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

பாதிப் பந்தயத்தில் கிழவன் டயர் மாற்ற உள்ளே வந்தான். ஒரு நட்டு சிக்கிக்கொண்டது. மூன்று வினாடி வேலை பதினோரு வினாடி ஆகிவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நான் நம்பினேன். நட்டு என்றால் சிக்கும், அதுதான் நட்டு. ஆனால் கிழவன் ஆறாவது இடத்துக்குப் போய்விட்டான். போச்சு என்று நயினார் தலையில் கையை வைத்தார். ஜெயித்தாகிவிட்டது, பேப்பரில் படம் வந்தாகிவிட்டது, கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான். அப்படியும் எனக்கு நெஞ்சு அடித்தது. ஆப்புக்காரன் இடையில் ஏதாவது மாற்றிவிட்டானோ என்று நினைத்தேன். மாரிராஜ் பார்க்க முடியாமல் வெளியே போய், ஜன்னல் வழியாக, "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒவ்வொருவனாகப் பிடித்து, கடைசி வளைவில் கிழவன் முதலில் போய்க்கொண்டிருந்தவனையும் தாண்டினான். கோட்டைத் தாண்டினான். நாமக்கல்காரன் எழுந்து கை தட்டினான். நயினார் கத்தவில்லை. எழுந்து போய், எலுமிச்சம்பழத்தை அவன் லாரியின் முன் டயருக்கடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாமியார் ஏன் அழுகிறார் என்று நாமக்கல்காரன் என்னிடம் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை திருச்செந்தூரில் முடி இறங்கியது. உள்ளேயிருந்து வந்த ஆள் நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே நயினார்தான், கொஞ்சம் சின்னதாக. தாடி இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. கடலில் குளித்துவிட்டு வந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது என்றார். பாரம் இறக்கிய வண்டி அப்படித்தான் ஆடும் என்றேன்.

வியாழக்கிழமை மண்டபத்தில் மணையில் அவர்தான் உட்கார்ந்தார். தலையில் சந்தனம். சம்பந்தி வீட்டுக் கிழவிகள் இரண்டு பேர் திருநீறு வாங்க வேண்டும் என்று சாமியாரைத் தேடி மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். ஆடு கண்டுபிடித்த சாமியார் எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். மேடையில் நடப்பதை வீடியோக்காரன் அதில் காட்டிக்கொண்டிருந்தான். நான் மேடையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். நினைத்த மாதிரியேதான். ஐயர் மேடையில் கையைத் தூக்கினார். திரையில் கொஞ்சம் கழித்துத் தூக்கினார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. அனுசியாவின் கையை நயினார் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். பகவதி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். ஆகட்டும், கையை எடுங்கள் என்றார் ஐயர். நயினார் எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அனுசியாவின் கை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

ஐயர் மறுபடியும் சொன்னார். பகவதி முழங்கையால் இடித்தாள்.

"இரும் சாமி" என்றார் நயினார். "அங்க இன்னும் குடுக்கல."